கறுத்த மண்ணின் வேதியியலும் நம் கூலியும்

(கலூரில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய வகுப்பின் தலைப்பை அறிவித்தபோது ஒரு தோழர் என்னிடம், “வெள்ளாமையை விட்டுவிட்டுத்தானே இங்கே வந்தோம், இங்கும் மண்ணைப் பற்றிப் பாடமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே அமர்ந்திருப்போரில் பாதிப் பேர் மண்ணை விட்டு ஒரு நாளும் விலகியதில்லை. அஸ்திவாரத்திற்குக் குழி தோண்டுகிறீர்கள். பைலிங் எந்திரத்தின் காலடியில் நின்று சேறு அள்ளுகிறீர்கள். பேரண்டூர் கால்வாயைப் போன்ற கால்வாய்களில் இறங்கித் தூர் வாருகிறீர்கள். இந்த நகரத்தில் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் வருகிற கறுத்த களிச்சேற்றை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? மண்வெட்டி பட்டதும் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். சிப்பி கிடைக்கும். சில இடங்களில் கரியாகிப் போன மரத்துண்டும் கிடைக்கும். கரையில் அள்ளிப் போட்ட சேறு சில வாரங்களில் உலர்ந்து, வெடித்து, ஆங்காங்கே மஞ்சள் பூத்து நிற்பதையும் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருமை, அந்த நாற்றம், அந்த மஞ்சள் ஆகிய மூன்றையும் விளங்கிக்கொள்வதே இன்றைய பாடம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பே என் தொழிலாகிவிட்டதால் சொல்லில் தடுக்காமல் என்னால் எதையும் தொடங்க இயலாது. இலை, தழை, வேர், சாணம், செத்த பூச்சி எல்லாம் மண்ணில் சிதைந்து, மூலப்பொருள் எதுவென்று அடையாளம் தெரியாதபடி கறுத்துக் கிடப்பதை ஹியூமஸ் என்கிறார்கள். பாடநூல்கள் இதற்கு ‘மட்கு’ என்றும் ‘இலைமக்கு’ என்றும் எழுதுகின்றன. மட்குதல் என்றால் ஒளி மழுங்குதல், வலிமை குன்றுதல். பேச்சில் ‘மக்கு’ என்று அறிவு மழுங்கியவனைச் சொல்கிறோம். மண்ணின் உயிர்ப்புக்கே காரணமான பொருளுக்கு இப்படியொரு பெயர் வாய்த்தது வேடிக்கைதான். இருந்தாலும் கிராமத்தில் புழங்கும் சொல் என்பதால் நான் மட்கு என்றே சொல்லப் போகிறேன்.

இரண்டாவது சொல் பீட். நீர் தேங்கிய சதுப்பில் காற்றுப் புகாமல், தாவரங்கள் முழுதும் சிதையாது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த பொருள் இது. இதைத் தமிழில் ‘முற்றா நிலக்கரி’ என்று எழுதும் வழக்கம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. முற்றாத நிலக்கரி என்று சொன்னவுடனேயே அது எரிப்பதற்கான பொருள் என்று முடிவு செய்துவிடுகிறோம். இந்தப் பெயர் செய்யும் கேட்டுக்குப் பின்னர் வருகிறேன். ஆலப்புழைக்காரர்கள் இத்தகைய மண்ணை வெறுமனே ‘கரி’ என்கிறார்கள்; கரி நிலம், கரிப்பாடம். அது நமக்கும் விளங்கும் சொல்.

இனி வேதியியல். 1786-இல் ஆகார்ட் என்ற ஜெர்மன் அறிஞர் பீட்டைக் காரக் கரைசலில் ஊறவைத்து ஒரு கறுத்த நீரைப் பிரித்தார். அதில் அமிலம் சேர்த்தபோது கறுத்த வண்டல் கீழே படிந்தது. அந்த வண்டலுக்குப் பின்னாளில் ஹியூமிக் அமிலம் என்ற பெயர் வந்தது. அமிலத்திலும் கரைந்தே நிற்பதை ஃபுல்விக் அமிலம் என்றும், காரத்திலும் கரையாமல் எஞ்சுவதை ஹியூமின் என்றும் வகுத்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மண்ணியலாளர்கள் இந்த மூன்று பெட்டிகளுக்குள்தான் மட்கை அடைத்துவைத்து ஆராய்ந்தார்கள். மண்ணில் நுண்ணுயிரிகளே கட்டியெழுப்பும் பிரம்மாண்டமான, சிக்கலான மூலக்கூறு ஒன்று உண்டு. அது எளிதில் சிதையாத உறுதி வாய்ந்தது. ஆகையால்தான் கரிமம் மண்ணில் நூற்றாண்டுகள் நிற்கிறது என்பது அவர்களது விளக்கம்.

கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் இந்த விளக்கம் பெரிதும் ஆட்டம் கண்டுவிட்டது. புதிய கருவிகளால் மண்ணை, காரத்தில் ஊறவைக்காமல், உள்ளபடியே பார்த்தபோது அந்தப் பிரம்மாண்ட மூலக்கூறு தென்படவில்லை. தாவரத் துணுக்குகளும், நுண்ணுயிரிகளின் சடலங்களும், சிறு சிறு கரிமச் சேர்மங்களுமே தென்பட்டன. அப்படியானால் அவை ஏன் உடனே சிதைந்து கரியமில வாயுவாகிப் பறந்துவிடவில்லை? களிமண் துகள் ஒன்றைப் பற்றிக்கொண்டிருப்பதால். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடு பிணைந்திருப்பதால். மண்கட்டியின் நடுவே நுண்ணுயிரி எட்டாத இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பதால். அல்லது நீர் மூடி ஆக்சிஜனைத் தடுப்பதால். 2011-இலும் 2015-இலும் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த இரண்டு புகழ்பெற்ற கட்டுரைகள் இதைத் தெளிவாக நிறுவ முற்பட்டன. எல்லா மண்ணியலாளரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. பழைய பள்ளியினர் இன்னும் வாதாடுகிறார்கள். ஆயினும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பழகிய சிந்தனைதான். பொருளின் நிலைபேறு அதன் உள்ளே பூட்டி வைத்த குணம் அன்று. நீரோடும் களிமண்ணோடும் உயிரோடும் அது கொண்ட உறவே. உறவு மாறினால் பொருளும் மாறும்.

மட்கைப் பற்றிய பழைய சண்டை ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மார்க்ஸ் அதை உன்னிப்பாகக் கவனித்தவர். பயிர் மட்கைத்தான் உண்டு வளர்கிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நிலவிய கோட்பாடு. 1840-இல் லீபிக் அதை உடைத்தார். பயிர் தன் கரிமத்தைக் காற்றிலிருந்து எடுக்கிறது, மண்ணிலிருந்து தாது உப்புகளை எடுக்கிறது என்றார். அவர் சொன்னது சரி. அந்தச் சரியிலிருந்துதான் மூட்டை உரத் தொழிலும் பிறந்தது. ஆனால் அதே லீபிக், 1862-இல் தம் நூலை மறுபதிப்புச் செய்தபோது, நகரத்திற்குப் போன விளைச்சலின் சத்து வயலுக்குத் திரும்பாத வேளாண்மையைக் கொள்ளை என்று கண்டித்தார். ‘மூலதனம்’ எழுதிக்கொண்டிருந்த மார்க்ஸ் இதைப் படித்தார். அந்தக் காலத்துப் பொருளியலாளர்கள் எல்லோரையும்விட லீபிக் முதலியோரின் வேளாண் வேதியியலே தமக்கு முக்கியமாகப்பட்டது என 1866-இல் எங்கெல்ஸுக்கு எழுதினார். மனிதனுக்கும் நிலத்துக்கும் இடையிலான வளர்சிதை மாற்றம் முதலாளித்துவத்தில் அறுபடுகிறது என்று 1867-இல் அவர் எழுதியதன் பின்னணி இது. தொழிலாளியைச் சுரண்டுவதும் மண்ணைச் சுரண்டுவதும் அவர் பார்வையில் ஒரே இயக்கத்தின் இரு பக்கங்கள்.

சரி, நம் கறுத்த சேற்றுக்கு வருவோம். அதற்கு இங்கிருந்து தெற்கே, வைக்கம், அம்பலப்புழை பக்கம் போக வேண்டும்.

குட்டநாடு கடல் மட்டத்துக்கு 0.6 முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்த நெல்வெளி. காண்டவ வனத்தை அக்கினி எரித்த இடம் இது, ‘சுட்டநாடு’தான் குட்டநாடு ஆயிற்று என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. மண்ணுக்குள் கருகினாற்போன்ற மரங்கள் கிடைப்பதால் பிறந்த கதை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குட்டம் என்றால் தமிழில் ஆழம், நீர்நிலை. கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டில் குட்டநாடும் ஒன்று. தாழ்ந்த நீர்நாடு என்பதே பொருத்தமான பொருள். அந்த மரங்களும் எரிந்தவை அல்ல. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி இறங்கிய காலத்தில் சதுப்புக் காடுகள் சேற்றில் புதைந்து, காற்றில்லாமல், சிதையாமல் கறுத்தன.

அங்கே காயல் நிலம், கரப்பாடம், கரி என மூவகை நிலங்கள் உண்டு. கரி நிலத்தில் கரிமப் பொருள் 10 முதல் 30 சதவீதம் வரை இருக்கிறது. நம் ஊர் மண் பரிசோதனையில் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ‘குறைவு’, 0.75-ஐத் தாண்டினால் ‘அதிகம்’ என்று குறிப்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் கரி நிலம் குபேரன் களஞ்சியமாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் குட்டநாட்டிலேயே மிகவும் மோசமான நிலம் என்று பெயர் எடுத்தது இதுதான். ஏன்?

கடல்நீரில் சல்பேட் உண்டு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியா, புதைந்த தாவரக் கரிமத்தை உண்டு, ஆக்சிஜனுக்குப் பதில் அந்தச் சல்பேட்டைக் கொண்டு மூச்சு விடுகிறது. வெளியே வருவது சல்பைடு. கொஞ்சம் வாயுவாகத் தப்புகிறது. அதுதான் நீங்கள் நுகர்ந்த அழுகிய முட்டை நாற்றம். மிச்சம் மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை பைரைட் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நீரை இறைத்து, மண்ணைக் காயவிட்டு, காற்றுப் படவிட்டால் பைரைட்டிலிருந்து கந்தக அமிலம் பிறக்கிறது. ஆம், பேட்டரியில் ஊற்றுகிற அதே அமிலம். கரையில் உலர்ந்த சேற்றின் மஞ்சள் அந்த இரும்பு, கந்தகச் சேர்மத்தின் நிறம். மண்ணின் பிஎச் மதிப்பு 3 வரைக்கும், சில இடங்களில் அதற்கும் கீழே இறங்குகிறது. அப்போது அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்குகிறது. இரும்பு மிகுந்து இலை பழுப்பேறுகிறது. மணிச்சத்து மண்ணோடு கட்டுண்டு பயிருக்குக் கிடைக்காமல் போகிறது. இதில் ஒரு முரணையும் கவனியுங்கள். பைரைட் உருவாக எரிபொருளாக இருந்தது கரிமம்தான். கரைந்த அலுமினியத்தைப் பற்றிக் கட்டி அதன் நஞ்சைத் தணிப்பதும் அதே கரிமம்தான்.

இந்த நிலத்தில் எப்படி நெல் விளைவித்தார்கள்? வேதியியல் படிக்காத உழைப்பாளிகள் அனுபவத்தால் கண்டுபிடித்த வழி இது: நிலத்தைத் தேவைக்கு மேல் ஒரு நாளும் காயவிடாதே. மழை நீரை வயலில் நிறுத்தி, அமிலத்தைக் கரையவிட்டு, வெளியே இறைத்து, மீண்டும் நிறுத்தி, மீண்டும் இறைத்தார்கள். சுண்ணாம்பு இட்டார்கள். நீர் நிற்கும் மண்ணில் அமிலத்தன்மை தானாகவே குறையும். நெல் நீரில் நிற்கும் பயிர். சேற்றைக் குத்தி வெளிவரம்பு கட்டியவர்களும், இரவெல்லாம் சக்கரம் மிதித்து நீர் இறைத்தவர்களும் பெரும்பாலும் புலையர், பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதி உழைப்பாளிகள். அவர்களுக்குக் கிடைத்த கூலியின் அளவையே தலைப்பாக வைத்துத் தகழி 1948-இல் ‘ரண்டிடங்கழி’ எழுதினார். உலக உணவு, வேளாண்மை அமைப்பு குட்டநாட்டு வேளாண் முறையை உலக வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கௌரவம் யாருடைய இடுப்பளவு சேற்றில் விளைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கரியைக் காயவிட்டால் நேர்வது அமிலம் மட்டும் அன்று. உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் பீட் நிலம். ஆனால் உலகின் காடுகள் அனைத்தின் மரங்களிலும் உள்ளதைவிட அதிகக் கரிமம் அதில் அடங்கியிருக்கிறது. நம் நீலகிரியின் மேட்டுப் புல்வெளிச் சதுப்புகளிலும் பீட் உண்டு. 1993-இல் இந்திய அறிவியலாளர்கள் அதை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளின் பருவநிலை வரலாற்றை அதிலிருந்து வாசித்தார்கள். இப்படிச் சேர்ந்ததை வடித்துக் காயவிட்டால் தீப்பிடிக்கும், மண்ணுக்குள்ளேயே மாதக்கணக்கில் புகையும்.

இங்கே நம் சொந்த வரலாற்றையும் கூச்சமின்றிப் பேச வேண்டும். 1920-இல் சோவியத் ரஷ்யாவில் மின்மயமாக்கல் திட்டம் வகுத்தபோது பீட்டை எரித்து மின்சாரம் எடுப்பது அதன் முக்கியமான கூறாக இருந்தது. மாஸ்கோவுக்குக் கிழக்கே ஷதூராவில் பீட் மின்நிலையம் எழுந்தது. லெனின் அதில் தனி அக்கறை காட்டினார். உள்நாட்டுப் போரில் நிலக்கரிச் சுரங்கங்கள் கைவிட்டுப் போய், குளிரில் நகரங்கள் நடுங்கிய காலம் அது. அந்த முடிவைக் குறை சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் எரிபொருள் தேவை மாறிய பிறகும் வடித்து உலர்த்திய சதுப்புகள் அப்படியே கிடந்தன. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் கவனிப்பாரும் இல்லை. 2010 கோடையில் அவை பற்றி எரிந்து மாஸ்கோவையே புகையால் மூடின. அதற்குப் பிறகுதான் பல பத்தாயிரம் ஹெக்டேரில் கால்வாய்களை அடைத்து மறுபடி நீர் தேக்கினார்கள். எரிபொருள் என்று பெயரிட்டதன் நீண்ட நிழல் அது.

இந்தோனேசியாவின் கதையில் அத்தகைய நியாயம் எதுவும் இல்லை. 1995-இல் சுகர்த்தோவின் சர்வாதிகார அரசு மத்தியக் கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் பீட் சதுப்பை நெல்வயலாக மாற்றுவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். மரம் விற்றவர்கள் கொழுத்தார்கள். ஜாவாவிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். நெல் விளையவில்லை. பல இடங்களில் நம் கரி நிலத்தைப் போலவே பீட்டுக்கு அடியில் பைரைட் இருந்து அமிலம் கக்கிற்று. 1997-இல் வறட்சி வந்தது; காய்ந்த சதுப்பு எரிந்தது; சிங்கப்பூரும் மலேசியாவும் மூச்சுத் திணறின.

புகையை நாமும் அறிவோம். 2023 மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் குவியல் பற்றிக்கொண்டபோது பத்து நாட்களுக்கு மேல் இந்த நகரம் என்ன பாடுபட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது பீட் அன்று, பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆயினும் சமையலறைக் கழிவைப் பிரிக்காமல் மலையாகக் குவித்தால் உள்ளே ஆக்சிஜன் இல்லை, மீத்தேன் உண்டாகிறது, வெப்பம் ஏறுகிறது. பிரித்து, புரட்டி, காற்று விட்டிருந்தால் மட்காகி வயலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய பொருள் அது. லீபிக்கின் கொள்ளை என்ற சொல்லுக்கு இதைவிட அருகில் வேறு உதாரணம் தேட வேண்டாம்.

இனி உங்கள் மனத்தில் உள்ளதைப் பேசுகிறேன். வயலும் சதுப்பும் நிரப்பப்பட்டால்தானே நமக்கு வேலை? நாம் நிற்கும் இந்தக் கலூரின் பெரும்பகுதியும் ஒரு காலத்தில் நீர் நின்ற நிலமே. சந்திப்பில் விடிகாலை நின்று நமக்குக் கிடைக்கும் கூலி, யாரோ ஒருவர் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மூடிய வயலின் மேல் எழும் கட்டடத்திலிருந்து வருகிறது. இந்த முரண்பாட்டை மறைத்துவிட்டுச் சுற்றுச்சூழல் பேசுவது, வயிறு நிறைந்தவனின் பேச்சாகிவிடும்.

இதே முரண்பாட்டைக் கேரளத்து விவசாயத் தொழிலாளர்கள் மறுபக்கத்திலிருந்து சந்தித்தார்கள். நெல்வயலை உலர்த்தி வேறு பயிருக்கும் மனைக்கும் மாற்றியபோது, நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்த பெண்களின் வேலைநாட்கள் முதலில் காணாமல் போயின. 1997-இல் வி.எஸ். அச்சுதானந்தன் முன்னின்ற போராட்டத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தினர், மாற்றப்பட்ட நிலங்களில் இறங்கிப் பயிர்களை வெட்டினார்கள். ‘வெட்டிநிரத்தல்’ என்று பத்திரிகைகள் அதை ஏளனம் செய்தன. நட்ட பயிரை வெட்டியது சரியான வடிவமா என்று என்னைக் கேட்டால், அன்றும் தயங்கினேன், இன்றும் தயங்குகிறேன். ஆனால் கேள்வி சரியானது. 2008-இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2018-இல் வந்த திருத்தம், வயலென்று பதிவேட்டில் சேராத நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள வழி திறந்தது. அது இடதுசாரிகளுக்குள்ளேயே விவாதத்துக்கு உள்ளானது. அந்த விவாதம் முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை.

நிரப்பும் வேலை ஒரு வயலுக்கு ஒருமுறைதான். அதுவும் ஜேசிபியும் டிப்பரும் செய்து முடித்துவிடுகின்றன. மனிதக் கைக்கு மிஞ்சுவது சொற்பம். வரம்பு கட்டுதல், தூர் வாருதல், சுண்ணாம்பு இடுதல், குப்பையைப் பிரித்து மட்கச் செய்தல் ஆகியவை ஆண்டுதோறும் ஆள் கேட்கும் வேலைகள். இவற்றை நிரந்தரமான, கையுறையும் காலணியும் காப்பீடும் உள்ள, கௌரவமான கூலி தரும் வேலைகளாக்கக் கோருவது நம் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்று அடுத்த கிளைக் கூட்டத்தில் நான் கேட்கப் போகிறேன்.

(உரைக்குப் பின் தோழர்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் பதில்களும்.)

தேனிப் பக்கத்துத் தோழர் ஒருவர், ஊரில் தம்பி ‘ஹியூமிக் அமிலம்’ பாட்டில் வாங்கித் தோட்டத்துக்கு விடுகிறான், பயன் உண்டா என்று கேட்டார். அது பெரும்பாலும் லியோனார்டைட், பழுப்பு நிலக்கரி போன்றவற்றைக் காரத்தில் கரைத்து எடுப்பது, ஆகார்ட் செய்ததுதான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் எடுத்துப் பயிர்களில் சோதித்திருக்கிறார்கள். வேர் வளர்ச்சியைக் கொஞ்சம் தூண்டலாம். 2021-இலிருந்து உயிர்த்தூண்டிகள் என்ற வகையில் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் இவை கொண்டுவரப்பட்டுள்ளன. ஆகவே பதிவு உண்டா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஆனால் ‘மண்ணில் மட்கு கூடும்’ என்று கடைக்காரர் சொன்னால் கணக்குப் போடுங்கள். ஓர் ஏக்கரில் அரையடி ஆழத்து மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதில் கரிமத்தை 0.1 சதவீதம் உயர்த்த வேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். 12 சதவீதம் என்று எழுதிய ஒரு லிட்டர் பாட்டிலில் இருப்பது 120 கிராம்; அதில் கரிமம் சுமார் பாதி. பதினைந்தாயிரம் பாட்டில் வாங்க வேண்டும். தொழுவுரமும் சணப்புத் தழையும் மடக்கி உழச் சொல்லுங்கள். அவற்றிலும் பெரும்பகுதி கரியமில வாயுவாகப் போய்விடும். ஆகவே ஒருமுறை இட்டால் போதாது, ஆண்டுதோறும் இட வேண்டும்.

பொள்ளாச்சியில் தென்னைநார் ஆலையில் வேலை செய்துவிட்டு வந்த தோழர், நார்க்கழிவை வெளிநாட்டுக்காரன் ஏன் காசு கொடுத்து வாங்குகிறான் என்று கேட்டார். ஐரோப்பாவின் தோட்டத் தொழில் இத்தனை காலம் பீட்டைத் தோண்டித்தான் தொட்டிச் செடி வளர்த்தது. அங்கே சதுப்புகளைக் காக்க வேண்டும் என்ற எதிர்ப்பு எழவே, அதற்கு மாற்றாக நம் நார்க்கழிவு போகிறது. பீட்டைப் போலவே தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். அவர்கள் சதுப்பு காக்கப்படுவது நல்லதுதான். ஆனால் உப்பை நீக்க அதைக் கழுவும் நீர் நம் கிணறுகளில் இறங்குவதாக அந்தப் பகுதி விவசாயிகள் புகார் சொல்கிறார்கள். பச்சையாக வயலில் போட்டால் பயன் இல்லை. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கு மேல், ஆகவே நுண்ணுயிரிகள் பயிரின் தழைச்சத்தையே பிடுங்கிக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் பூசணமும், டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சேர்த்து மட்கவைக்கும் முறையை வகுத்திருக்கிறது. விகிதம் 24 அளவுக்கு இறங்கிவிடும். செய்முறையை எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.